உரிமம் வாங்கியவர் ஏன் காணாமல் போகிறார்?

கேள்வி: எங்கள் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) கிளப்பில் புதிதாக உரிமம் பெறுபவர்கள் சில மாதங்களிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் கைக்கருவி (கையடக்க ரேடியோ) வாங்கி, வீட்டுக்குள் இருந்தே கூப்பிட்டு, பதில் வராமல் சலித்தவர்கள் இவர்கள். அந்தக் கருவி அனுப்பும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கான்கிரீட் சுவரும் குட்டி ஆன்டெனாவும் சேர்ந்தால் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம்கூட எட்டாது. உரிமம் இடங்கொடுத்தால், முதல் வாரமே, தொலைவுக்கும் எட்டும் 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் இணைப்புள்ள இருபக்கக் கம்பி ஆன்டெனா, கட்ட வையுங்கள். கம்பியின் நீளத்துக்கு 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும்; 7.1-ஆல் வகுத்தால் மொத்தம் 20.1 மீட்டர். முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக 10.5 மீட்டராகவே வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) பார்த்துக்கொண்டே இரு முனையிலும் சமமாகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குட்டையாக்கினால் ஒட்டுப்போட வேண்டியதுதான். கம்பியை அவரே வெட்டட்டும், அதுதான் முக்கியம். மைக்கைப் பிடித்ததும் வாயடைத்துப்போவது சகஜம். அழைப்புக்குறியையும் (உரிமத்தோடு தரப்படும் அடையாளப் பெயர்) சொல்ல வேண்டிய நாலு வரியையும் தாளில் எழுதிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்காருங்கள்.