சுரங்கக் குத்தகை எல்லைக்குள் வந்துவிட்ட என் பட்டா நிலம்

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி ஒரு நிறுவனம் பல வருடங்களாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் நடத்துகிறது. அண்மையில் வந்த அரசாணை ஒன்று, 'எல்லைத் திருத்தம்' என்ற பெயரில் என் பட்டா நிலத்தின் புல எண்ணையும் அந்தக் குத்தகைக்குள் சேர்த்திருக்கிறது. எனக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. அரசாணையே வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. அரசாணையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

இது பிழைத்திருத்தமா, புதிய நிலத்தைச் சேர்ப்பதா? உங்கள் வழக்கே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. பழைய குத்தகைகள் சங்கிலி போட்டு அளந்தவை. இன்று செயற்கைக்கோள் உதவியோடு துல்லியமாக இடம் காட்டும் டிஜிபிஎஸ் கருவியால் அளக்கும்போது கோடுகள் சற்று நகர்வது இயல்பு. உங்கள் புல எண் ஆரம்பக் குத்தகைப் பத்திரத்தின் வரைபடத்திலேயே இருந்து, எழுத்துப் பிழையால் அட்டவணையில் விடுபட்டிருந்தால், ஆணை உண்மையிலேயே திருத்தமாக இருக்கலாம். வரைபடத்திலும் இல்லை, மொத்த ஹெக்டேரும் கூடியிருக்கிறது என்றால், அது புதுக் குத்தகை வழங்கியதற்குச் சமம். பெயரை மாற்றி வைத்தால் சட்டம் மாறிவிடாது.

1897-ஆம் வருடப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 21-வது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தில் அதைத் திருத்தும் அதிகாரமும் அடக்கம் என்று அரசு இதையே காட்டும். ஆனால் முதல் ஆணைக்கு இருந்த அதே முறைப்படி, அதே நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் திருத்த முடியும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், 1957-இல் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு, அரசு நிறுவனங்களுக்கான ஒதுக்கீடு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சுண்ணாம்புக்கல் குத்தகையை ஏலத்தில்தான் தர வேண்டும். அப்படியிருக்க, பக்கத்து நிலத்தை ஒரு திருத்த ஆணையால் சேர்ப்பது எப்படிச் செல்லும்? 2025 திருத்தம் ஒட்டிய பரப்பை ஒருமுறை சேர்க்க வழிசெய்தது உண்மை. ஆனால் அது ஆழத்தில் கிடைக்கும் கனிமங்களுக்கானது. மேலிருந்தே வெட்டும் சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. கூடுதல் பரப்புக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினார்களா என்பதையும் கேளுங்கள். பழைய அனுமதி புது நிலத்துக்குத் தானாக நீளாது.

இன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: அரசாணை நகல், ஆரம்பக் குத்தகைப் பத்திரம், குத்தகையின் பழைய, புதிய வரைபடங்கள் இரண்டும், எல்லைத் தூண்களின் ஆயத்தொலைவுகள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்). 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. எனும் புல அளவு வரைபடத்தையும் எடுத்து வையுங்கள்.

மேலே சொன்ன சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 30-வது பிரிவின்படி, ஆணையை மறுபடி ஆராயக் கோரும் சீராய்வு மனுவை மத்திய அரசிடம் தாக்கல் செய்யலாம். ஆணை தெரிவிக்கப்பட்டதிலிருந்து மூன்று மாதம் அவகாசம். அரசமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். 'முதலில் சீராய்வுக்குப் போகட்டும்' என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் உங்களைக் கேட்காமலேயே உங்கள் நிலத்தைத் தொட்டிருக்கிறார்கள். பாதிக்கப்படுபவரைக் கேட்டபின்பே முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதி மீறப்பட்டால் மாற்று வழி இருப்பது தடையாகாது. இயந்திரங்கள் இறங்கும் நிலை வந்தால், காத்திருக்காமல் ரிட்டோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

ஆணை கடைசியில் நிலைத்தாலும் மேற்பரப்பு உங்களுடையதே. அதே சுரங்கச் சட்டத்தின் 24-ஏ பிரிவின்படி குத்தகைதாரர் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். நிறுவனத்தின் ஆள் இப்போதே 'முன்பணம்' என்று நீட்டினால் வாங்காதீர்கள். அந்த ரசீதின் இரண்டாம் பக்கத்தில் சம்மதம் என்று ஒரு வரி இருந்தால், மேலே சொன்ன வாதங்கள் பாதி வலுவிழந்துவிடும்.