பழைய டீசல் பிக்கப் வச்சிருக்கீங்களா? உங்க கேள்விகளும் என் பதிலும்

வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி பழைய பொலேரோ பிக்கப், டாடா 207 பத்திதான். ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன்.

2013 மாடல் பிக்கப் ஒண்ணு விலைக்கு வருது, மீட்டர்ல 1.6 லட்சம் கிலோமீட்டர் காட்டுது. நம்பி வாங்கலாமா?

மீட்டரை விடுங்க சார், மண்டிக்கும் தோட்டத்துக்கும் ஓடின வண்டில மீட்டர் பாதி நாள் வேலையே செஞ்சிருக்காது. காலைல அவங்க ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே போய் நில்லுங்க, பானட்டை தொட்டு பார்த்து சூடா இருந்தா ஏற்கனவே ஓட்டி ரெடி பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு கிளம்பிடுங்க. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊத்துற மூடியை கழட்டி அது மேலயே சும்மா வைங்க, லேசா ஆவி வந்தா பரவால்ல, ஆனா புகை புஸ்ஸு புஸ்ஸுன்னு தள்ளி மூடி ஆடுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சு கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) கீழ இறங்குதுன்னு வச்சுக்கலாம், சீக்கிரமே இன்ஜினை பிரிச்சு சிலிண்டர் போர் பண்ற வேலை வரும்.

அதை விட முக்கியம் சேஸி, அதாவது வண்டியோட அடிச்சட்டம். கீழ படுத்து பின்பக்க பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கிற இடத்தை பாருங்க. புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க, சின்ன சுத்தியலால தட்டினா பொருக்கு பொருக்கா உதிருதான்னு தெரிஞ்சிடும். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் மீன் லோடு அடிச்ச வண்டின்னா ஐஸ் தண்ணி உப்போட சேர்ந்து வருஷக்கணக்கா சொட்டியிருக்கும், எவ்ளோ கம்மி விலைன்னாலும் நான் வாங்க மாட்டேன். இன்ஜினை பிரிச்சு சரி பண்ணிக்கலாம், அரிச்ச சேஸியை என்ன பண்றது?

லோடோட ஏற்காடு ஏறினா ஹீட் ஆகுது. தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டா சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றாரு.

கழட்டாதீங்க! தெர்மோஸ்டாட் 80 டிகிரி வாக்குல திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற ஒரு கதவு, அதை எடுத்துட்டா கீழ ரோட்டுல இன்ஜின் சூடே ஏறாம ஓடும், டீசல் சரியா எரியாது, சிலிண்டர் உள்சுவரான லைனர் தேயும். சில இன்ஜின்ல பைபாஸ் வழி (ரேடியேட்டருக்கு போகாம தண்ணி திரும்புற குறுக்கு வழி) அடைபடாம பாதி தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாது, அப்ப மலைல இன்னும் அதிகமாத்தான் ஹீட் ஆகும்.

ஹீட்டுக்கு நிஜமான காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணிதான். நம்ம ஊர் உப்புத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தி ஊத்தி உள்ள டியூப்பு பூரா சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். முதல்ல ரேடியேட்டரை இறக்கி சுத்தம் பண்ணுங்க, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதி பாதி ஊத்துங்க. அடுத்து ரேடியேட்டர் மூடியை மாத்துங்க, அது சும்மா மூடி இல்ல, சுமார் 0.9 பார் பிரஷரை புடிச்சு வைக்கும், அந்த பிரஷர்ல தண்ணி 120 டிகிரி பக்கம் போய்தான் கொதிக்கும், ஸ்பிரிங் செத்துட்டா 100-லயே கொதிச்சு வெளிய தள்ளிடும். ஃபேன்ல விஸ்கஸ் கப்ளிங் (சூடானா ஃபேனை இறுக்கிப் புடிக்கிற பாகம்) இருந்தா சூடா இருக்கப்ப வண்டியை ஆஃப் பண்ணிட்டு கையால சுத்துங்க, இறுக்கமா இருக்கணும், காத்தாடி மாதிரி ஓடுச்சுன்னா கப்ளிங் அவுட்.

இதெல்லாம் பண்ணியும் ஹீட் ஆச்சுன்னா, இன்ஜின் ஆறினதும் ரேடியேட்டர் மூடியை திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி பாருங்க, விடாம குமிழ் குமிழா வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற தகடு) போயிருக்கு. சூடா இருக்கப்ப மட்டும் மூடில கை வைக்காதீங்க, மூஞ்சி வெந்துடும்.

காலைல வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்துல நின்னுடுது. பயப்படணுமா?

கண்ணு எரியிற மாதிரி டீசல் வாசனையோட வந்தா எரியாத டீசல். டீசலை சிலிண்டருக்குள்ள தூவுற நாசில் சொட்டுது, இல்லன்னா கம்ப்ரஷன் கம்மி. நாசிலை கழட்டி பம்ப் கடைல பெஞ்ச்ல போட்டு பாருங்க, பூவா தூவணும், ஒழுகக்கூடாது. வெள்ளை நிக்காம, ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா மறுபடி ஹெட் கேஸ்கெட் கதைதான். கருப்பு வந்தா ஏர் ஃபில்டரை பாருங்க, நீலம்னா ஆயில் எரியுது.

டீசல்ல 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்துறது) கலந்தா பம்ப் ரொம்ப நாள் வருமாமே?

தேவையில்ல. டீசல்ல சல்ஃபர் 350-லருந்து 50 ஆகி 2020-ல 10 பிபிஎம்முக்கு வந்துடுச்சு, அதனால வழவழப்பு குறைஞ்சு பம்ப் காய்ஞ்சிடும்னு ஒரு பயம் கிளம்புச்சு, ஆனா வழவழப்புக்கு டீசல் கம்பெனிக்காரனே மருந்து சேர்த்துத்தான் அனுப்புறான். அந்த காசுக்கு டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாத்துங்க, ஃபில்டர் அடில தேங்குற தண்ணியை மழைக்காலத்துல அடிக்கடி திறந்து விடுங்க. காமன் ரயில் வண்டிக்கு (ரொம்ப அதிக பிரஷர்ல டீசல் அடிக்கிற புது ரக இன்ஜின்) இது உயிர் மாதிரி, தண்ணி உள்ள போனா இன்ஜெக்டர் செலவு பழைய ரோட்டரி பம்ப் வண்டியை விட பல மடங்கு வரும்.

பட்டை ரெண்டு கூட போட்டா இன்னும் லோடு ஏத்தலாமா?

பட்டை தாங்கும், ஆக்சில் ஹவுசிங்கும் பேரிங்கும் பிரேக்கும் தாங்காது. வேணாம்.

10 வருஷம் ஆன டீசல் வண்டியை எடுத்துடுவாங்களா?

அது டெல்லி என்சிஆர் விவகாரம், நம்ம ஊருக்கு அந்த 10 வருஷ தடை இல்ல. இங்க எஃப்சி (ஆர்டிஓ தர்ற தகுதிச் சான்று) பாஸ் ஆகணும், அவ்ளோதான். சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். பசுமை வரியும் கட்டணும். எஃப்சிக்கு முந்தின நாள் ராத்திரி ஓடி ஓடி லைட்டு, ரிஃப்ளெக்டர் ஒட்டுறதை விட்டுட்டு ஒரு மாசம் முன்னாடியே பிரேக்கையும் ஸ்டியரிங் ஜாயிண்ட்டையும் பாருங்க, அது ரெண்டுலயும் வேலை வந்தா ஒரே நாள்ல முடியாது.