யோக்யகர்த்தாவில் மாடும் இறாலும் இல்லாமல் சாப்பிட

அம்மாவோடு 4 நாள் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா போகிறீர்கள், அவருக்கு முட்டையும் கோழியும் சரி, மாட்டிறைச்சியும் இறால் வாடையும் ஆகாது, நூடுல்ஸ் பாக்கெட் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த சாப்பாடே பலாப்பிஞ்சில் செய்வதுதான். குடெக் என்பார்கள். பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் அடுப்பில் விட்டுவிடுவார்கள், நார் நாராகப் பிரிந்து, தேக்கிலை போட்டிருந்தால் அதன் நிறமும் ஏறி, செம்பழுப்பாக வரும். முதல் வாயில் இனிப்பு தூக்கலாகத் தெரியும். கோழி, முட்டை, சோறோடு பிசைந்தால் அம்மாவுக்குப் பிடித்துவிடும். விஜிலான் தெருவில் வரிசையாகக் குடெக் கடைகள்தான்.

ஆனால் தட்டின் ஓரத்தில் சிவப்பாக, குழம்பில் ஊறிய பஞ்சுபோல ஒன்று வைப்பார்கள். அது க்ரெச்செக், மாட்டுத்தோல். பரிமாறும் முன்பே "தன்ப்பா க்ரெச்செக்" என்று சொல்லிவிடுங்கள், தன்ப்பா என்றால் 'இல்லாமல்'.

இறால் விழுதுக்கு அங்கே தெராசி என்று பெயர், சம்பல் எனும் மிளகாய்த் துவையல் பெரும்பாலானவற்றில் இருக்கும். வேகவைத்த கீரைமேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றித் தரும் பெச்செல் அருமையான காலை உணவு, அந்தச் சாறிலும் சிலர் சேர்ப்பார்கள் என்பதால் "தன்ப்பா தெராசி" சொல்ல மறக்காதீர்கள். கூட வரும் அப்பளத்தையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள், இறால் அப்பளமாகவும் இருக்கலாம்.

அப்புறம் தெம்பே பாச்செம். சோயாவைப் புளிக்கவைத்த தெம்பேயை வெல்லத்திலும் மசாலாவிலும் வேகவைத்துப் பொரிப்பார்கள். பயணத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ள நல்லது.