இணையத்தில் பேசினால் அது அமெச்சூர் வானொலியா?

கேள்வி: பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் வானலையில் பேசும் அமெச்சூர் வானொலிக்கான அனுமதிப்பத்திரமும், என்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியும் அண்மையில் பெற்றேன். எக்கோலிங்க் என்ற செயலி மூலம் கைத்தொலைபேசியில் ரொறன்ரோவில் உள்ளவர்களுடன் பேசுகிறேன். பல ஆண்டுகளாகச் சிற்றலையில் பேசிவரும் என் பெரியப்பா, "இது ரெலிபோன் கதைதானே, இதற்கு அழைப்புக்குறி எதற்கு?" என்கிறார். அவர் சொல்வது சரியா? (வாசகர், கொக்குவில்)

பதில்: பாதி சரி. 2002இல் ஜொனதன் ரெய்லர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய எக்கோலிங்க், குரலைத் தரவாக மாற்றி இணையத்தில் அனுப்புகிறது. இரு முனையிலும் கைத்தொலைபேசி மட்டும் இருந்தால் அமெச்சூர் அலைவரிசைக்கு அங்கே வேலையே இல்லை. அந்த அளவில் பெரியப்பாவை மறுக்க முடியாது. ஆனால் மறுமுனை ஒரு றிப்பீற்றருடன் (வரும் சமிக்ஞையை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் நிலையத்துடன்) இணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் கொக்குவிலில் பேசுவது அங்கே வானலையாகப் புறப்பட்டு, காரில் சிறிய கைக்கருவியுடன் போகும் ஒருவரின் காதில் விழுகிறது. அந்தக் கடைசிச் சில மைல்களுக்காகத்தான் எக்கோலிங்க் உங்கள் அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்த பின்னரே அழைப்புக்குறியைப் பதிவு செய்கிறது. 1997இல் கனடாவில் டேவிட் கமரோன் தொடங்கிய, வானொலி நிலையங்களை இணையத்தால் இணைக்கும் ஐஆர்எல்பி இன்னும் கண்டிப்பானது. வானொலிக் கருவி வழியாக மட்டுமே அதற்குள் நுழையலாம், இணையம் இரு நிலையங்களுக்கு இடையே நீண்ட கம்பியாக மட்டும் நிற்கிறது.

பலர் இவ்வழிகளுக்கு மாறியதற்குச் சோம்பல் காரணமல்ல. 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைக்கான அரை அலை டைபோல் என்னும் கம்பி அன்ரெனா சுமார் 20 மீற்றர் நீளமானது. நம் வளவுகளில் இரண்டு பனைகளுக்கு இடையே கயிறு போட்டு அதை உயர்த்திவிடலாம். புலம்பெயர்ந்து அடுக்குமாடியில் வாழும் உறவினர் அதை எங்கே கட்டுவார்? எல்ஈடி விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் வானொலியில் எழுப்பும் இரைச்சல் ஒருபுறம், ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியில் உயர் அலைவரிசைகள் ஓய்ந்துபோகும் காலம் மறுபுறம்.

பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: கணினித்திரையைப் பார்த்ததும் அது இணையம் என்று முடிவுகட்ட வேண்டாம். இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற ஜோ ரெய்லர், ஸ்டீவ் பிராங்குடன் சேர்ந்து 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்னும் கணினிவழிச் செய்தி முறையில், காதுக்கே எட்டாத சமிக்ஞைகள் 15 விநாடித் துண்டுகளாக வானலையைத் திருப்பி அனுப்பும் மேல்வளிப் படையான அயனமண்டலம் வழியாகவே செல்கின்றன. அதற்குக் கணினியின் கடிகாரம் மிகச் சரியாக ஓட வேண்டும் என்பதால் பலர் நேரத்தை இணையத்திலிருந்து பெறுகிறார்கள்; மற்றதெல்லாம் வானலைதான்.

கேள்வி: அனர்த்த காலத்தில் எக்கோலிங்க் உதவுமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: இணையம் உயிரோடு இருக்கும்வரை உதவும். 2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசி செயலிழந்த அந்தமானில், போர்ட் பிளேயருக்கு வேறு நோக்கத்தோடு சென்றிருந்த இந்திய அமெச்சூர் பாரதி பிரசாத்தின் குழு சிற்றலைக் கருவியால் செய்தி அனுப்பியது; ஹம்பாந்தோட்டையிலும் நம் நாட்டு அமெச்சூர்கள் அவ்வாறே இயங்கினர். தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்ததும் கைத்தொலைபேசியிலுள்ள செயலியும் கைக்கருவியை இணையத்தோடு இணைக்க வீட்டில் வைத்துள்ள சிறு ஹொட்ஸ்பொட்டும் ஒருசேர மௌனமாகிவிடும். ஆகவே இணையத்தில் தாராளமாகப் பேசுங்கள். அதோடு ஒரு 12 வோல்ட் பற்றரியும் தாழக் கட்டிய ஒரு டைபோலும் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பை, அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பித் திரும்பப் பெறும் முறையில் 7 மெகாஹெர்ட்ஸில் பகல்வேளையில் எட்டலாம். மின்வெட்டுக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இந்த ஆயத்தத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: பல நாடுகளுடன் பேசியோருக்கு வழங்கப்படும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு எக்கோலிங்க் தொடர்புகள் கணக்காகுமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: ஆகாது. றிப்பீற்றர் வழித் தொடர்புகளும் ஆகாது. ஆனால் வானலையில் நிகழ்ந்த தொடர்பை இணையத்தில் உறுதிப்படுத்தினால் ஏற்பார்கள். எல்ஓடிடபிள்யூ என்னும் இணையப் பதிவேடு 2003 முதல் அதற்காகவே இயங்குகிறது. தொடர்பை உறுதிப்படுத்தும் கியூஎஸ்எல் அட்டைக்காகத் தபாற்காரரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இதனால் நீங்கியது.