ராமேஸ்வரத்தில் வாடகை வீட்டுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கேட்கலாம்?

ராமேஸ்வரத்தில் மாதம் 6,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்கு 60,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்பது சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் அது 18,000 ரூபாய். ஆனால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்தான் இந்த வரம்பு என்று அதே பிரிவு சொல்வதால், பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு வாதாடுவது கடினம். பேரத்தை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். கடலோரத்தில் தகராறு முளைப்பதே இந்தப் பிடித்தத்தில்தான். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும், சுவர்ப்பூச்சு பொரிந்து உதிர்வதும் குடியிருப்பவர் செய்த சேதம் ஆகாது. வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமையாளரின் பொறுப்பே என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இருந்தாலும், குடிபுகும் நாளிலேயே இவற்றைப் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது.

ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும், இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட அரசு அதிகாரியான வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிவு செய்வதும் அவசியம். மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்கு வீடு பிடிப்பதென்றால் கதையே வேறு. அது அடமானம் என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.