நானோகுழாயை வரிசைப்படுத்த 5,000 வோல்ட் பெட்டி எதற்கு?

கேள்வி: டர்பனில் எம்.எஸ்சி. ஆய்வு செய்கிறேன். கார்பன் நானோகுழாய்கள் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கார்பன் குழாய்கள்) ஒரே திசையில் வரிசையாகப் படிய வேண்டும் என்று, அவற்றின் தூளைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, 5 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தங்க மின்முனைகளின் நடுவே ஒரு சொட்டு விட்டு 10 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கொடுத்தேன். குமிழி வந்து தங்கம் உரிந்தது. குழாய்கள் ஒரு பக்கமாகக் கரியாய் அப்பிக்கொண்டன. 'வரிசைப்படுத்திய தூளும்' 5,000 வோல்ட் பெட்டியும் வாங்கச் சொல்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா? — வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டுமே வேண்டாம். தூளில் வரிசை என்று ஒன்று கிடையாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்ததுமே எல்லாம் கலைந்துவிடும். பெட்டியின் கதையும் அதேதான். குழாயைத் திருப்புவது வோல்ட் அல்ல, வோல்ட்டை இடைவெளியால் வகுத்தால் வரும் மின்புலம். உங்களுடையது மைக்ரோமீட்டருக்கு 2 வோல்ட். அவருடைய 5,000 வோல்ட்டை ஒரு சென்டிமீட்டருக்குக் கொடுத்தால் 0.5தான் வரும், ஷாக் அடிப்பதுதான் மிச்சம். கொள்முதல் பிரிவுகள் மூன்று விலைப்புள்ளி கேட்கும். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்காது. நீங்கள் கேளுங்கள். 'ஒற்றைச்சுவர்' (ஒரே அடுக்குச் சுவருள்ள குழாய்) என்று விலை சொன்னால், லேசர் ஒளியைச் சிதறவிட்டு எடுக்கும் ராமன் வரைபடம் காட்டட்டும். 100 முதல் 300 வரையுள்ள அலையெண்களில் முகடே இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் தவறு டிசி. சோப்பு ஒட்டிய குழாய் எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் நேர்முனைக்கே ஓடிக் குவியும். தண்ணீரோ 1.23 வோல்ட்டுக்கு மேல் பிரியத் தொடங்கும். திசை மாறி மாறி ஓடும் ஏசியில் இந்த ஓட்டம் முன்னும் பின்னுமாகிக் கழிந்துபோகும். குழாயின் இரு முனைகளிலும் தூண்டப்படும் மின்னூட்டம் புலத்தோடு சேர்ந்தே திசை மாறுவதால், திருப்பும் விசை மட்டும் மாறாமல் நிற்கும்.

சுவர் கரண்டை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கினாலும் ஏசிதானே என்று யாராவது சொல்வார்கள். 50 ஹெர்ட்ஸில் அரைச்சுற்று 10 மில்லிசெகண்ட். குமிழி விட அது தாராளம். சிக்னல் ஜெனரேட்டரில் 5 மெகாஹெர்ட்ஸ், உச்சிக்கு உச்சி 10 வோல்ட் வையுங்கள். திரையை அப்படியே நம்ப வேண்டாம்: வெளியீடு '50 ஓம்' அமைப்பில் இருந்து மின்முனைகள் உள்ள உங்கள் சில்லின் மின்தடை அதிகமாக இருந்தால், 10 என்று காட்டும்போது ஏறக்குறைய 20 போகும். ஆசிலோஸ்கோப்பில் அளந்துவிடுங்கள்.

கரைசல் கறுப்பாக இருந்தால் அடர்த்தி அதிகம். 100 மில்லி தண்ணீரில் சோப்பாக 1 கிராம் சோடியம் டோடெசில் சல்பேட், 1 மில்லிகிராம் குழாய். அல்ட்ராசோனிக்கில் அரை மணி நேரம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல்நீரை மட்டும் எடுத்து, அதே சோப்புக் கரைசலில் நூறு மடங்கு நீர்க்க வையுங்கள். சொட்டு விட்டு ஒரு நிமிடம் போதும்.

டிசி கூடாது என்பது தண்ணீருக்கு மட்டும். தூளை வாங்காமல் குழாயை உலையிலேயே வளர்க்கும் முறையும் உண்டு. அங்கே, மீத்தேன் வாயுவில் 900 டிகிரி செல்சியஸுக்கு அருகே குழாய் வளரும்போது டிசியும் சரி, ஏசியும் சரி. அங்கே பிரிவதற்குத் தண்ணீர் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஹோங்ஜி டாயின் குழு 2001-இல் காட்டியது இதைத்தான். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: குழாய் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் வளர வேண்டும். தரையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு புலம் அசைக்காது. ஆக, உலையில் டிசி ஓடியதைப் படித்துவிட்டுச் சொட்டில் போடக் கூடாது. சொட்டில் தோற்றதை வைத்து உலையிலும் டிசி ஆகாது என்று ஒதுக்கவும் கூடாது. உலைக்குப் போனால், கரண்ட் போனதும் மீத்தேனும் ஹைட்ரஜனும் தானாக மூடி எரியாத வாயுவான ஆர்கான் தானாகத் திறக்கும் வால்வுகள் கட்டாயம்.

சொட்டு முறையில் கடைசியாக ஒன்று: புலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூய நீரால் மெதுவாகக் கழுவி, நைட்ரஜனால் உலர்த்தி, அதன் பிறகு ஜெனரேட்டரை அணையுங்கள். முதலில் அணைத்தால், காயும் சொட்டின் விளிம்பு குழாய்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.