மென்பொருள் சிந்தசைசர் என்றால் என்ன? வீட்டிலேயே இசையமைக்க எங்கே தொடங்குவது?

கணினியே அலைகளைக் கணக்கிட்டு ஒலியாக்கும் கருவிதான் மென்பொருள் சிந்தசைசர். நொடிக்கு 440 முறை அதிரும் அலை ஒரு சுரம். ரம்பப்பல் வடிவ அலை கூர்மையாக ஒலிக்கும், ஏனென்றால் அதில் மேல் அதிர்வுகள் நிறைய உண்டு. ஃபில்டர் அவற்றைக் குறைக்கும். பக்கத்து அறையில் பாட்டு ஓடும்போது கதவைச் சாத்தினால் மந்தமாகக் கேட்குமே, அதேதான். அந்தக் கதவை மெல்லத் திறந்து மூடுவதில்தான் எனக்குப் பாதி அழகே. ஒரு மாலை முழுக்க இதை மட்டும் செய்து பாருங்கள்.

எல்எம்எம்எஸ் என்ற இசையமைப்பு மென்பொருள் இலவசம், டிரிப்பிள் ஆசிலேட்டர் என்ற சிந்தசைசர் அதிலேயே இருக்கிறது. நான்கு பாருக்கு, அதாவது நான்கு தாளச் சுற்றுக்கு, தாழ்ந்த சுரங்களில் ஒரு பேஸ், அப்புறம் மேலே ஒரு மெட்டு, முதல் நாளுக்குப் போதும்.

கீபோர்டு வாசிக்கத் தெரிந்தால்தான் முடியும் என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை, பியானோ ரோல் என்ற கட்டம் போட்ட திரையில் மவுஸால் சுரங்களை ஒவ்வொன்றாக வைத்தே முழு இசையையும் எழுதலாம்.